எப்ப வந்த?

திண்டிவனத்தில் என் தமிழாசிரியர் வீட்டுத் திண்ணையில் ஒரு மாலை முழுக்க நடந்த பேச்சு இது. சீடன் என்று எழுதியிருப்பது என்னை. வளைகுடாவில் 11 ஆண்டு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய மூன்றாம் நாள். நினைவில் நின்றதை நின்றபடி தருகிறேன். பேச்சுநடையை மட்டும் எழுத்துக்குத் தக்கபடி கொஞ்சம் திருத்தியிருக்கிறேன்.

சீடன்: ஐயா, ஒரு சின்னக் கேள்வி காலையிலிருந்து என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. விழுப்புரம் ஜங்ஷனில் பழைய நண்பன் ஒருவனைப் பார்த்தேன். "என்னாடா, எப்ப வந்த?" என்றான். "முந்தாநாள்" என்றேன். "எளச்சிட்டடா. ஊட்டுப் பக்கம் வா" என்று சொல்லிவிட்டு, புதுச்சேரி வண்டியைப் பிடிக்க ஓடிவிட்டான்.

குரு: இதில் படுத்துவதற்கு என்ன இருக்கிறது?

சீடன்: அவன் அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. நான் வரவில்லை. வர முடியாதது இருக்கட்டும், ஒரு ஃபோன்கூடச் செய்யவில்லை. இன்று, நாளை என்று தள்ளிப்போட்டேன். பிறகு, இத்தனை நாள் கழித்து எந்த முகத்தோடு பேசுவது என்று விட்டுவிட்டேன். அதனால் "எப்ப வந்த" என்று அவன் கேட்டது, "வரவேண்டிய நேரத்தில் வராதவன் இப்போது எதற்கு வந்தாய்" என்று கேட்டது போல இருந்தது. முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று பாசஞ்சர் ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று புறப்பட்டது. நின்ற இடத்திலெல்லாம் அந்தக் கேள்விக்குப் புதிதாக ஒரு அர்த்தம் ஏறிக்கொண்டது. திண்டிவனத்தில் இறங்கும்போது, அவன் என்னை வெறுக்கிறான் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

குரு: விழுப்புரத்திலிருந்து இங்கே 40 கிலோமீட்டர்கூட இல்லை. அதற்குள் ஒரு சொல் இவ்வளவு கனத்துவிட்டது. அவன் முகம் எப்படி இருந்தது?

சீடன்: சிரித்தான். அதுதான் சந்தேகத்தைக் கூட்டியது.

குரு: சரி, மனசைப் பிறகு பார்க்கலாம். முதலில் இலக்கணம் பார்ப்போம். நன்னூலில் வினா எத்தனை வகை? பத்தாம் வகுப்பில் உன்னை நிற்கவைத்துக் கேட்டிருக்கிறேன்.

சீடன்: ஆறு. அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா.

குரு: பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தது. அவர் சமணர். தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றைக்கும் நம் பக்கத்து மேல்சித்தாமூரில் இருக்கிறது. அங்கே போகும்போதெல்லாம் எனக்கு நன்னூல் நினைவுதான் வரும். அது கிடக்கட்டும். அந்த ஆறில் உன் நண்பன் கேட்டது எது?

சீடன்: நான் வந்த நாள் அவனுக்குத் தெரியாது. அதனால் அறியாவினா.

குரு: நீ வந்தது முந்தாநாள் என்றால் அவனுக்கு என்ன, போன மாதம் என்றால் என்ன? அந்தத் தகவலை வைத்து அவன் எதுவும் செய்யப் போவதில்லை. தெரிந்துகொள்ளக் கேட்காத கேள்வி எப்படி அறியாவினா ஆகும்?

சீடன்: அப்படியானால் வெறும் ஓசையா? மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் 1923இல் வந்த ஒரு கட்டுரையில் அப்படித்தான் எழுதினார். டிரோப்ரியண்ட் தீவு மக்களோடு இருந்து ஆராய்ந்தவர். நலம் விசாரிப்பது, வானிலை பேசுவது எல்லாம் செய்தி சொல்வதற்கல்ல, சும்மா பேசிக்கொள்வதாலேயே ஒட்டு உண்டாகிறது என்றார்.

குரு: ஒட்டு உண்டாகிறது என்பது சரி. ஆனால் அது ஏற்கெனவே ஒட்டியிருப்பவர்களுக்கும் முன்பின் தெரியாதவர்களுக்கும் போதுமான விளக்கம். அறுந்துபோய்த் திரும்பச் சேருகிறவர்களுக்குப் போதாது. நாலு நாள் வெளியூர் போய்விட்டு வந்தால் "வந்துட்டியா?" என்பார்கள், எதிரே ஆள் நிற்கும்போதே. அது ஓசைதான், நல்ல ஓசை. 11 வருடம் கழித்து ஒருவன் கேட்கும்போது அவன் கையில் வேறு ஏதோ இருக்கிறது. கொடைவினா என்றால் என்ன?

சீடன்: ஒன்றைக் கொடுப்பதற்காகக் கேட்பது. உடுக்கத் துணி இல்லையா என்று கொடுக்க நினைப்பவர் கேட்பது.

குரு: நம் வீடுகளில் "சாப்பிட்டியா?" என்று கேட்பது அதுதான். அடுப்படியில் சோறு இருப்பதால் வருகிற கேள்வி. உன் நண்பன் கேட்டதையும் நான் அந்த வரிசையில்தான் வைப்பேன்.

சீடன்: அவன் எனக்கு என்ன கொடுத்தான்?

குரு: முதல் வார்த்தையை உன்னிடம் விட்டுக்கொடுத்தான். நீ எவ்வளவு ஆழத்துக்கு இறங்க நினைக்கிறாயோ அவ்வளவுக்கு இறங்கட்டும் என்று கரையைக் காட்டினான். "எப்ப வந்த" என்ற கேள்விக்கு எதையும் பதிலாகச் சொல்லலாம். தேதி சொல்லலாம், கதை சொல்லலாம், அழலாம். விடை எத்தனை வகை?

சீடன்: எட்டு. சுட்டு, மறை, நேர் மூன்றும் நேரடியானவை. ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஐந்தும் குறிப்பால் உணர்த்துபவை.

குரு: உனக்கு நேர்ந்ததைச் சொல்வது உற்றது உரைத்தல். "அப்பாவுக்கு வர முடியலடா" என்று சொல்லியிருந்தால், எப்ப வந்த என்ற கேள்விக்கு அதுவும் விடைதான். இரண்டு நொடி ஆகியிருக்கும். வண்டி போயிருக்காது. போயிருந்தாலும் அடுத்ததில் போயிருப்பான். நீ நாளைச் சொன்னாய்.

சீடன்: அப்படியென்றால் கேள்விக்குள் குத்தல் எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்கிறீர்களா?

குரு: கேட்டபோது, குத்தல் இருந்ததா இல்லையா என்று அவனுக்கே தெரிந்திருக்காது என்கிறேன். நீ சொல்லப்போகும் பதிலில் முடிவாகவேண்டிய அர்த்தம் அது. குத்த நினைப்பவர்கள் மறைக்கமாட்டார்கள் தம்பி. "இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று நேராகவே கேட்பார்கள். அதையும் வெறுப்பென்று எடுத்துக்கொள்ளாதே. வழியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். எங்கள் அத்தை ஒருத்தி, நான் எவ்வளவு சதை போட்டு வந்தாலும் "எளச்சிட்டியே" என்பாள். என் உடம்பு அவள் கண்ணிலேயே படாது. நான் அவளுக்கு எத்தனை நாள் இல்லாமல் போனேன் என்பதை அப்படித்தான் சொல்வாள்.

சீடன்: பதில் சொல்பவன்தான் அர்த்தத்தை முடிவு செய்கிறான் என்பது எனக்குப் பிடிபடவில்லை. சொன்னவன் நினைத்தது ஒன்று இருக்குமே?

குரு: திருவெண்ணெய்நல்லூர் போயிருக்கிறாய் அல்லவா? நம் மாவட்டம்தான், பெண்ணையாற்றுத் தென்கரை. கயிலையில் தன்னோடு இருந்தவனைப் பூமிக்கு அனுப்பிவிட்டு, வந்து ஆட்கொள்வேன் என்று வாக்குக் கொடுத்த சிவன், புத்தூரில் சுந்தரரின் திருமணப் பந்தலுக்குக் கிழவராக வந்து நிற்கிறார். எத்தனையோ நாள் பிரிவுக்குப் பிறகு வருகிற சந்திப்பு. வந்தவர் நலம் கேட்கவில்லை. நீ எனக்கு அடிமை என்று ஓலையை நீட்டுகிறார். மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றவருக்கு ஆளைத் தெரியவில்லை. நீ பித்தனா என்று ஏசிவிடுகிறார். வழக்கு வெண்ணெய்நல்லூர் சபைக்குப் போய், கிழவர் பக்கம் தீர்ப்பாகிறது. உம்முடைய வீடு எது என்று கேட்டால், கிழவர் கோயிலுக்குள் போய் மறைந்துவிடுகிறார். பிறகுதான் சுந்தரருக்குப் புரிகிறது. என்னைப் பாடு என்ற குரல் வருகிறது. என்ன சொல்லிப் பாடுவது என்று தவிக்கிறார். பித்தன் என்றாயே, அந்தச் சொல்லையே வைத்துத் தொடங்கு என்று விடை வருகிறது. சுந்தரர் அதை வசவாகத்தான் சொன்னார், சந்தேகமே இல்லை. வாங்கிக்கொண்டவர் அதைச் சுந்தரர் தேவாரத்துக்கு முதல் சொல்லாக்கிவிட்டார். சேக்கிழார் அந்த இடத்தில் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடுகிறார். வகுப்பில் சொல்லும்போது தொண்டை அடைக்கும்.

சீடன்: எனக்கு நினைவிருக்கிறது ஐயா.

குரு: அதே ஊரில்தான் மெய்கண்டார் பிள்ளைப் பருவத்தில் சிவஞானபோதம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குடும்பத்துக்கே குருவாக இருந்த அருணந்தியார், இந்தப் பிள்ளை நம்மை வந்து பார்க்கவில்லையே என்ற வருத்தத்தோடு அங்கே போய், ஆணவம் என்பது என்ன என்று கேட்டதாகச் சொல்வார்கள். பிள்ளை ஒன்றும் பேசவில்லை. கேட்டு நின்றவரையே காட்டியது. பெரியவர் காலில் விழுந்து சீடரானார். என்னை ஏன் கேட்கவில்லை, என்னை ஏன் அப்படிக் கேட்டாய் என்ற இரண்டும் ஒரே இடத்திலிருந்து புறப்படுகின்றன. பேரணியிலும் மயிலத்திலும் உன் பெட்டியில் ஏறியது அவன் சொல் இல்லை.

சீடன்: சுமை முழுவதும் என் தலையில்தானா? அவனும் கேட்டிருக்கலாமே, ஏன் வரவில்லை என்று.

குரு: அப்பனைப் பறிகொடுத்தவன், நீ ஏன் வரவில்லை என்று பிளாட்பாரத்தில் நின்று உன்னைக் கேட்கவேண்டுமா?

(இந்த இடத்தில் நெடுநேரம் இருவரும் பேசவில்லை. உள்ளே விளக்கேற்றும் நேரம் ஆகிவிட்டிருந்தது.)

சீடன்: இரண்டு வருடம் போய்விட்டது. இனிமேல் போய்த் துக்கம் கேட்கலாமா?

குரு: வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஐந்து வருடம் கழித்தும் போய்க் கேட்கிறார்கள். பெட்டியை வைத்துவிட்டு முதலில் அந்த வீட்டுக்குத்தான் போவார்கள். அதற்குக் கெடு கிடையாது.

சீடன்: என்ன சொல்லிக்கொண்டு நுழைவது?

குரு: ஒன்றும் சொல்லாதே. துக்கம் கேட்கப் போகிற வீட்டில் உன்னையும் "வா" என்று சொல்லமாட்டார்கள். கையைப் பிடித்துக்கொள், போதும். நம் ஊரில் கும்பிடும் நலம் விசாரிப்பும் இல்லாத ஒரே வாசல் அதுதான். வரும்போது வாங்க கிடையாது, கிளம்பும்போது போய் வருகிறேன் கிடையாது.

சீடன்: அவன் "வாடா" என்று சொல்லிவிட்டால்?

குரு: உனக்காக அந்த வழக்கத்தை விட்டுக்கொடுத்திருக்கிறான் என்று தெரிந்துகொள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போ. அவன் அம்மா "சாப்பிட்டியா?" என்று கேட்பார்.

சீடன்: கேட்டால்?

குரு: சாப்பிட்டிருந்தாலும், இல்லை என்று சொல்.