பழைய கார் விற்பவனின் மனச்சாட்சி

"பழைய கார் விற்பனைக்கு. முற்றாகப் புதுப்பிக்கப்பட்டது. ஓடிப் பார்த்து வாங்கலாம்." இத்தகைய விளம்பரங்கள் நம் கண்ணில் அடிக்கடி படுகின்றன. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகளில் ஒரு காலத்தில் தோட்டத்துத் துரைமாரும், டாக்டர்மாரும், பெரிய கிளாக்கர்மாரும் ஓட்டிய மொரிஸ் மைனர், ஒஸ்டின் போன்ற கார்கள் இவை. மாட்டுக்கொட்டிலின் ஓரத்தில் துருப்பிடித்துக் கிடந்தவை கூட, டிங்கர் பாஸின் கைபட்டுப் பளபளவென்று வீதிக்கு வருகின்றன. இதில் நம் பத்திரிகைக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். வேலை உண்டு. மனிதனின் நேர்மையைச் சோதிக்கப் பழைய காரைப் போன்ற பொருள் வேறொன்று கிடைப்பது அரிது.

நம் நாட்டில் பழைய கார் நீடித்து வாழ்வது பழமை மீதுள்ள ஆசையால் மட்டுமல்ல. 1960களிலும் 1970களின் முற்பாதியிலும் அந்நியச் செலாவணி முடையால் புதுக்கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. இருந்த காரையே மீண்டும் மீண்டும் திருத்தி ஓட்ட வேண்டியிருந்தது. 1977இல் பொருளாதாரக் கதவு திறந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அத்தடை நீங்க 2025 பெப்ரவரி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை வானளாவ உயர்ந்தது. விலை உயர்ந்த இடத்தில் சோதனையும் உயர்கிறது.

அச்சோதனை எப்படி வருகிறது? மொரிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்து, 1970களின் தொடக்கம் வரை ஏறத்தாழ 16 இலட்சம் செய்யப்பட்ட உறுதியான கார் இது. ஆனால் வயது தன் வேலையைச் செய்யாமல் விடாது. கதவுக்குக் கீழேயுள்ள பெட்டிபோன்ற தகடுகள் உள்ளிருந்து துருப்பிடிக்கும். முன்சில்லைத் தாங்கும் மூட்டுக்கு ஒழுங்காகக் கிரீஸ் போடாவிட்டால் அது தேய்ந்து, ஒருநாள் சில்லு மடிந்துவிடும். பிரேக்கின் பிரதான சிலிண்டரோ சாரதியின் காலடியில், தளத்துக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு ஒட்டுவது பல நாள் வேலை. பட்டி பூசித் தேய்த்துப் பெயின்ற் அடிப்பது அதைவிட எவ்வளவோ சுலபம். இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அனுபவசாலிகள் சிறு காந்தம் ஒன்றை உடலெங்கும் வைத்துப் பார்ப்பார்கள். இரும்பு இருந்தால் ஒட்டும். பட்டி தடித்திருந்தால் நழுவும்.

காந்தம் இல்லாமல் வருகிறானே, அவன் நிலை என்ன? தோட்டத்தில் பிறந்து, கொழும்பிலோ மத்திய கிழக்கிலோ உழைத்து, தன் தாய் தந்தையரை ஒருநாளாவது காரில் ஏற்றிப் போகவேண்டும் என்று பணம் சேர்த்த இளைஞன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். பெயின்றைப் பார்க்கிறான், இருக்கையைத் தடவுகிறான், எஞ்சின் ஓசையைக் கேட்கிறான். அவன் மனம் நிறைந்துவிடுகிறது. விற்பவன் எதுவும் சொல்லவில்லை. பிறகு கேட்டால், "நான் பொய் சொன்னேனா? அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை" என்பான்.

இந்த நியாயம் செல்லுமா? சட்டம் ஓரளவு அவன் பக்கம் சாயலாம். நம் நாட்டின் 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் ஆங்கிலேயச் சட்டத்தைத் தழுவி எழுந்தது. பார்த்து வாங்குவது வாங்குபவன் பொறுப்பு என்னும் கொள்கைக்கு அதில் இடமுண்டு. ஆனால் சட்டம் தண்டியாத செயலெல்லாம் நீதியான செயலாகிவிடாது.

13ஆம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் தொகுப்பில் இக்கேள்வியை நேராகவே எடுத்து ஆராய்ந்தார். அவர் காலத்தில் கார் இல்லை, குதிரை இருந்தது. ஒற்றைக்கண் குதிரையை விற்பவன் அக்குறையைப் பறைசாற்ற வேண்டியதில்லை. குறை எவர் கண்ணுக்கும் தெரியும். அதற்கேற்ப விலையைக் குறைத்தால் போதும். ஆனால் மறைந்திருக்கும் குறை வாங்குபவனுக்கு நட்டத்தையோ ஆபத்தையோ விளைவிக்குமானால், அதைச் சொல்லியே ஆகவேண்டும். நொண்டிக் குதிரையை வேகக் குதிரையென்றும், இடிந்துவிழும் வீட்டை உறுதியான வீடென்றும் விற்பவன் அநீதி செய்கிறான் என்பது அவர் முடிவு.

இம்முடிவின் கனத்தை ஊவா மக்களாகிய நமக்கு விளக்கத் தேவையில்லை. பெரகல இறக்கத்தையும், எல்ல – வெல்லவாய வீதியையும், பசறை – லுணுகலை வளைவுகளையும் நாம் அறிவோம். 2021 மார்ச் 20ஆம் திகதி பசறை 13ஆம் கட்டையில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து பல உயிர்கள் பலியானதை மறக்க முடியுமா? விபத்துகளின் காரணங்கள் பல. ஆனால் இத்தகைய வீதியில் ஓடப்போகிற காரின் பிரேக்கில் குறை இருப்பதை அறிந்தும் வாய்திறவாதவன், பணத்தை மட்டுமா எடுத்துக்கொள்கிறான்? அவன் மௌனமும் அந்தக் காரில் ஏறி மலையிறங்குகிறது.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமல்ல. அமெரிக்காவில் பொன்டியாக் நிறுவனம் டெம்பெஸ்ட் என்னும் சாதாரணக் காரில் 6.4 லீற்றர் எஞ்சினைப் பொருத்தி, 1964ஆம் ஆண்டு மாதிரியாக ஜி.டி.ஓ. என்ற பெயரில் விற்றது. பலம் மிகுந்த அவ்வகைக் கார்களைப் புதுப்பித்து இன்று பெரும் விலைக்கு விற்கிறார்கள். சாதாரண டெம்பெஸ்ட்டுக்கு ஜி.டி.ஓ. சின்னத்தை ஒட்டி விற்பவர்களும் அங்கே உண்டு. ஆகவே எஞ்சின் இலக்கத்தையும் தொழிற்சாலைப் பதிவுகளையும் ஒப்பிட்டுப் பாராமல் விவரம் அறிந்தவர்கள் அங்கே வாங்குவதில்லை.

அப்படியானால் விற்பவன் தனக்குத் தெரிந்த அனைத்தையும் சொல்லவேண்டுமா? இறக்குமதித் தடை விரைவில் நீங்கும், விலை இறங்கும் என்று ஊகிப்பவன் அதையும் சொல்லித்தான் விற்கவேண்டுமா? அக்குவினாஸ் இங்கே நுட்பமாகப் பிரித்துப் பேசுகிறார். தானியம் தட்டுப்பாடான ஊருக்கு ஒரு வியாபாரி தானியம் கொண்டுவருகிறான். பின்னால் வேறு வியாபாரிகள் வருவது அவனுக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் அன்றைய விலைக்கு விற்றால் அவன் நீதியை மீறவில்லை. சொன்னாலோ, விலையைக் குறைத்தாலோ அவன் நற்பண்பு இன்னும் சிறக்கும் என்கிறார். நாளைய விலை வேறு. இன்று கையில் இருக்கும் பொருளின் குறை வேறு. முதலாவதைச் சொல்வது தாராளம். இரண்டாவதைச் சொல்வது கடன்.

வாங்குபவனுக்கும் கடன் உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கணவனை இழந்த ஒரு தாயின் வீட்டுக் கொட்டிலில் பழைய கார் ஒன்று கிடக்கிறது. அதன் மதிப்பு அவருக்குத் தெரியாது. விவரம் அறிந்த ஒருவர் வந்து, "இது பழைய இரும்பம்மா, இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது" என்று சொல்லிச் சொற்பப் பணத்தைக் கொடுத்து இழுத்துப் போகிறார். இதை நாம் கெட்டித்தனம் என்று மெச்சுகிறோம். தங்கத்தைப் பித்தளையென்று எண்ணி ஒருவன் விற்க, தங்கமென்று அறிந்தே வாங்குபவன் மிஞ்சியதைத் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்பது அக்குவினாஸின் போதனை. ஆக, விற்றாலும் வாங்கினாலும் விதி ஒன்றே: எவன் அதிகம் அறிந்திருக்கிறானோ, அவனே அதிகம் கடன்பட்டவன். பிறருடைய அறியாமை நமக்கு விளைந்த வயல் அல்ல.

பழையதைப் புதுப்பிப்பது நல்ல தொழில். துருவை வெட்டி எறிந்து, மூட்டை மாற்றி, பிரேக்கைச் சீர்செய்து, அதன்மேல் பெயின்ற் அடிப்பவன் தன் உழைப்புக்கு உரிய கூலியை நிமிர்ந்து நின்று கேட்கலாம். திருத்தியதன்மேல் பூசும் பெயின்ற் அழகு. திருத்தாததன்மேல் பூசும் பெயின்ற் பொய்.

ஆகவே வீட்டில் பழைய கார் வைத்திருந்து விற்க நினைப்பவர்கள் ஒரு தாளை எடுங்கள். எதை மாற்றினோம், எதை மாற்றவில்லை, எதில் நமக்கே சந்தேகம் என்று எழுதுங்கள். சாவியோடு அத்தாளையும் வாங்குபவர் கையில் கொடுங்கள். சில ஆயிரம் ரூபாய், ஏன், சில இலட்சம்கூடக் குறையலாம். ஆனால் அந்தக் கார் மலையிறங்கும் இரவுகளில் உங்கள் நித்திரை குறையாது.