குண்டுக் காயத்தின் சாட்சியமும் நிபுணரின் கடமையும்

துப்பாக்கிக் குண்டு உடலில் ஏற்படுத்திய காயத்தைப் பார்த்து, சுட்டவர் ஏறக்குறைய எவ்வளவு தூரத்தில் நின்றார், குண்டு எந்தப் பக்கமிருந்து வந்தது, எத்தனை முறை சுடப்பட்டது என்பவற்றைப் பெரும்பாலும் சொல்லிவிட முடியும். சுட்டவரின் மனத்தில் அந்த நேரத்தில் என்ன இருந்தது என்பதைக் காயம் சொல்லாது. கொலை வழக்கின் முடிவோ பல நேரங்களில் இந்தக் கடைசிக் கேள்வியில்தான் தங்கியிருக்கிறது. வேண்டுமென்றே சுட்டாரா, கைகலப்பில் தவறி வெடித்ததா? நீதிமன்றம் இதைக் கேட்கும்போது கூண்டில் நிற்கும் நிபுணர் எதுவரை பேசலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது அறிவியலோடு முடிந்துவிடும் விஷயமல்ல. அவர் கூட்டிச் சொல்லும் ஒரு சொல் குற்றமற்றவரைச் சிறைக்கு அனுப்பலாம். அவர் விழுங்கிவிடும் ஒரு சொல் செத்தவருக்குச் சேர வேண்டிய நீதியை இல்லாமல் ஆக்கலாம்.

துப்பாக்கி வெடிக்கும்போது குழல்வாயிலிருந்து குண்டு மட்டும் வெளியே வருவதில்லை. தீ, சூடான வாயு, புகைக்கரி, எரிந்தும் எரியாமலும் போன வெடிமருந்துத் துகள் எல்லாம் கூடவே வரும். குழல்வாய் உடலை ஒட்டியிருந்தால் தோல் கருகும், கிழியும். சில அங்குலம் தள்ளியிருந்தால் புகைக்கரி படியும். இன்னும் சற்றுத் தள்ளியிருந்தால் கரி படியாது. மருந்துத் துகள்கள் மட்டும் தோலில் குத்தி, பச்சை குத்தியதுபோலப் புள்ளி புள்ளியாகப் பதியும். அதற்கும் அப்பால் இவை எதுவும் தெரியாது. குண்டு நுழைந்த ஓட்டையும், அதன் விளிம்பைச் சுற்றிய சிராய்ப்பு வளையமும்தான் மிஞ்சும். அந்த வளையம் எல்லாப் பக்கமும் ஒரே அகலமாக இருந்தால் குண்டு நேராக வந்தது. ஒரு பக்கம் அகலமாக இருந்தால் அந்தப் பக்கமிருந்து சாய்வாக வந்தது.

இந்த அளவுகள் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும், தோட்டாவுக்குத் தோட்டாவும் மாறும். அதனால்தான் கைப்பற்றிய அதே துப்பாக்கியால், அதே வகைத் தோட்டாவைப் பல தூரங்களில் வைத்துச் சோதனையாகச் சுட்டுப் பார்த்த பிறகே தூரத்தைக் கணிக்க வேண்டும் என்கிறது தடய அறிவியல். நடுவில் துணி இருந்தால் கரியும் துகளும் துணியிலேயே தங்கிவிடும். அந்தத் துணி தொலைந்துபோனால் கிட்டத்தில் சுடப்பட்ட காயமும் தூரத்துக் காயம்போலத் தோன்றும். காயத்திலிருந்து எடுக்கும் முடிவுகள் இவ்வளவு நிபந்தனைகளுக்கு உட்பட்டவை. நீதிமன்றத்தில் நிபுணரிடம் கேட்கப்படுவதோ பெரும்பாலும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’.

இந்தச் சிக்கலைத் தெளிவாகக் காட்டும் வழக்கு கே.எம். நானாவதி வழக்கு. 1959 ஏப்ரல் 27 அன்று, ஐ.என்.எஸ். மைசூர் போர்க்கப்பலின் அதிகாரியான கமாண்டர் நானாவதியிடம் அவருடைய மனைவி, பிரேம் அஹுஜா என்பவரோடு தனக்கு உறவு இருப்பதைச் சொல்லிவிட்டார். நானாவதி மனைவியையும் பிள்ளைகளையும் திரையரங்கில் இறக்கிவிட்டு, கப்பலுக்குப் போய், வேறொரு காரணம் சொல்லி ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் வாங்கிக்கொண்டார். அஹுஜாவின் அலுவலகத்துக்குப் போனார். அவர் அங்கே இல்லை. பம்பாயில் இருந்த அவருடைய குடியிருப்புக்குப் போய், படுக்கையறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். சற்று நேரத்தில் மூன்று குண்டுகள் வெடித்தன. குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு நின்ற அஹுஜா இறந்தார். நானாவதி தானே போய்ச் சரணடைந்தார்.

அவர் சுட்டார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ரிவால்வர் இருந்த உறையைத் தான் பக்கத்தில் வைத்ததாகவும், அஹுஜா அதை எட்டிப் பிடிக்க வந்ததாகவும், அப்போது நடந்த கைகலப்பில் துப்பாக்கி தானாக வெடித்துவிட்டதாகவும் எதிர்த்தரப்பு சொன்னது. அரசுத் தரப்பு, திட்டமிட்டுச் சுட்டார் என்றது. அறைக்குள் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் செத்துவிட்டார், மற்றவர் குற்றம் சாட்டப்பட்டவர். மூன்றாவது சாட்சி என்று சொல்ல அஹுஜாவின் உடல்தான் இருந்தது.

அந்த உடலில் வலது காறை எலும்பின் உட்புற முனைக்குக் கீழே மார்பில் ஒரு துளைக்காயம் இருந்தது. தலையின் இடப்பக்கம் மண்டையோட்டை வாய்க்கால்போலக் கீறிய காயம் ஒன்று. இடது கையில் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே உள்ள சவ்வில் ஒரு துளை. அதே கையின் சுட்டுவிரலிலும் நடுவிரலிலும், விரல்களின் புறப்பக்கத்தில், மருந்துத் துகள் பதிந்த சிராய்ப்புகள். இந்த இரண்டு விரல்களை ஒருவர் நெடுநேரம் உற்றுப் பார்க்கலாம். துகள் பதிந்திருப்பதால் குழல்வாய்க்கு மிக அருகே அந்தக் கை இருந்தது உறுதி. ஏன் இருந்தது? துப்பாக்கியைப் பிடுங்கப் போன கையாக இருக்கலாம். அப்படியானால் கைகலப்புக் கதைக்கு வலுச் சேரும். தன்னை நோக்கி நீண்ட குழல்வாயைத் தடுக்க உயர்த்திய கையாகவும் இருக்கலாம். அப்படியானால் அது சாகப்போகிறவரின் கடைசித் தற்காப்பு. விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டு இந்த இரண்டில் ஒன்றை அடித்துச் சொல்லும் எவரும் தனக்குத் தெரியாததைச் சொல்கிறார்.

அதனால் விரல் காயத்தோடு மற்றவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியதாயிற்று. அந்த ரிவால்வரில் ஒவ்வொரு குண்டுக்கும் விசையைத் தனித்தனியே இழுத்து, விட்டு, மறுபடி இழுக்க வேண்டும். ஒரு முறை தவறி வெடிக்கலாம் என்றாலும் மூன்று முறை அப்படி வெடிப்பது எப்படி என்ற கேள்வி எழுந்தது. மார்பிலும் தலையிலும் பட்ட காயங்கள் கைகலப்பில் ஏற்பட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று பிரேதப் பரிசோதனை செய்த போலீஸ் மருத்துவரும், அரசின் துப்பாக்கி ஆய்வு நிபுணரும் சாட்சியம் சொன்னார்கள். எதிர்த்தரப்பு, பேரும் புகழும் பெற்ற அறுவை மருத்துவர் ஒருவரைக் கூண்டேற்றியது. வகுப்புக் கலவரக் காலத்தில் குண்டுக் காயங்களுக்கு மருத்துவம் செய்து பழகியவர் அவர். காயங்கள் கைகலப்பில் ஏற்பட்டிருக்கக்கூடும் என்றார்.

அறநோக்கில் இங்கே நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. எதிர்த்தரப்பு தனக்கென ஒரு நிபுணரை அழைத்ததில் தவறே இல்லை. அரசு மருத்துவர் சொன்னது வேதவாக்கு அல்ல. அதைக் கேள்வி கேட்கக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு முழு உரிமை உண்டு, அவருடைய வழக்கறிஞருக்கு அது கடமையும்கூட. சொல்லப்போனால், நானாவதிக்குக் கிடைத்த இந்த வாய்ப்பு இந்தியாவில் கொலைக்குற்றம் சாட்டப்படும் ஏழைகளுக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆய்வகத்தின் அறிக்கையை அதை எழுதியவரைக் கூண்டில் ஏற்றாமலே சான்றாக ஏற்க, 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293-ஆம் பிரிவு இடம் தந்தது. அதற்குப் பதிலாக வந்த சட்டத்திலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. கேட்க ஆளில்லாத இடத்தில் அந்தக் காகிதமே தீர்ப்பாகிவிடும். இது துப்பாக்கிக் காயத்தைப் பற்றிய எந்த நுணுக்க வாதத்தையும்விடப் பெரிய அநீதி.

நானாவதி வழக்கின் அறுவை மருத்துவர் விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அவர் அந்த உடலைப் பார்க்கவில்லை. மற்றொருவர் எழுதிவைத்த அளவுகளை வைத்துக்கொண்டு மாற்றுக் கருத்துச் சொன்னார். அவர் சட்ட மருத்துவத்தில் பணியாற்றியவர் அல்லர் என்பதை உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. காயத்தை ஆற்றுவது ஒரு கலை. அந்தக் காயம் எப்படி உண்டானது என்று படிப்பது வேறு கலை. முதலாவதில் கைதேர்ந்தவர் என்ற பெயரை இரண்டாவதற்கு ஈடாக வைக்கும்போது, பொய் எதுவும் சொல்லப்படாமலே உண்மை தடம் மாறிவிடுகிறது.

குறுக்கு விசாரணையில் நிபுணரைச் சிக்கவைக்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “இப்படியும் நடந்திருக்கலாம் அல்லவா?” நேர்மையான நிபுணர் இதற்குப் பெரும்பாலும் ‘நடந்திருக்கலாம்’ என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். உடல்களும் குண்டுகளும் விசித்திரமாக நடந்துகொள்வதை அவர் பார்த்திருக்கிறார். ஆனால் ஆயிரத்தில் ஒரு முறை நடப்பதையும் பாதிக்குப் பாதி நடப்பதையும் அந்த ஒரே சொல் மூடிவிடுகிறது. அங்கேயே நிறுத்திக்கொள்ளும் நிபுணர் தன் கையைக் கழுவிக்கொள்கிறார். எவ்வளவு வாய்ப்பு, எந்த அடிப்படையில், எது தெரிந்தால் தன் கருத்து மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்பவரே கடமையைச் செய்தவர். நிபுணரின் கருத்து ஏற்கத்தக்க சான்று என்றுதான் 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு சொன்னது. அது நீதிபதியைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லவில்லை. காரணம் சொல்லாத கருத்தை எடைபோட நீதிபதியிடம் தராசு கிடையாது.

காரணத்தையும் எல்லையையும் சொன்ன நிபுணருக்கு என்ன நேரலாம் என்பதை ஜெசிகா லால் கொலை வழக்கு காட்டியது. 1999 ஏப்ரல் கடைசியில், டெல்லி மெஹ்ரௌலியில் நள்ளிரவு விருந்து ஒன்றில், மது தர மறுத்ததற்காக அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே .22 ரகக் காலித் தோட்டாக்கள் இரண்டு கிடைத்தன. துப்பாக்கி கடைசிவரை கிடைக்கவில்லை. முதல் குண்டை ஒருவரும் இரண்டாவதை வேறொருவரும் சுட்டார்கள் என்ற ‘இரு துப்பாக்கி’க் கதையை எதிர்த்தரப்பு முன்வைத்தது. தோட்டா உறையின் அடியில் சுடும் ஊசி பதித்த தடத்தை, சந்தேகத்துக்குரிய துப்பாக்கியால் சுட்டுப் பார்த்த உறையின் தடத்தோடு ஒப்பிடுவதுதான் முறை. ஒப்பிடத் துப்பாக்கி இல்லாததால் திட்டவட்டமாகச் சொல்ல இயலாது என்பதே அந்தத் தோட்டாக்களை ஆராய்ந்த ராஜஸ்தான் ஆய்வக நிபுணரின் நிலை. ஆனால் சாட்சிக் கூண்டில் கேட்கப்பட்டபோது, இரண்டும் வெவ்வேறு துப்பாக்கியிலிருந்து சுடப்பட்டவைபோலத் தோன்றுகின்றன என்றார். 2006 பிப்ரவரியில் விசாரணை நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்தது. நாடே கொதித்தது. அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், சுட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட மனு சர்மாவுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2010-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

பிறழ் சாட்சிகளோடு சேர்த்து அந்த நிபுணர் மீதும் பொய்ச்சாட்சி நடவடிக்கை வந்தது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அவரை அதிலிருந்து விடுவித்தது. தன் கருத்துக்கு அடிப்படையையும் சொல்லி, அது முடிவானது அல்ல என்பதையும் சொன்ன ஒருவரைப் பொய்ச்சாட்சி என்று கூற முடியாது என்பது அதன் முடிவு. இந்தத் தீர்ப்பு சரியானது. கருத்து தவறாகிப்போவதற்கெல்லாம் சிறை என்றால், ஒரு நிபுணரும் வாய் திறக்கமாட்டார். திறந்தாலும் காவல்துறைக்கோ ஊருக்கோ பிடித்ததைத்தான் சொல்வார். அதே நேரத்தில், ‘தோன்றுகிறது’ என்ற சொல்லைக் கூண்டில் உதிர்ப்பதற்கு முன் நிபுணர் ஒருமுறைக்கு நூறுமுறை யோசிக்க வேண்டும் என்பதும் உண்மை. ஒப்பிடத் துப்பாக்கியே கையில் இல்லாதபோது, தோன்றுவதைச் சொல்லாமல் இருப்பதும் அவர் கடமைதான். ‘தெரியாது’ என்று சொன்ன நிபுணரை நீதிமன்றம் மேலும் நெருக்கினால், அந்த நெருக்கடிக்கு நீதிமன்றமும் பொறுப்பு.

நிபுணரும் நீதிபதியும் மட்டுமல்ல, வெளியே இருந்து வாதாடும் மக்களும் இந்த அறத்துக்கு உட்பட்டவர்கள். 1959-இல் பம்பாயின் ‘பிளிட்ஸ்’ வார இதழ் நானாவதியை வீரனாகவே ஆக்கிவிட்டது. துரோகம் செய்யப்பட்ட கணவன், சீருடை அணிந்த நேர்மையாளன் என்ற படம் மக்கள் மனத்தில் நின்றது. ஒன்பது பேர் கொண்ட ஜூரியில் எட்டுப் பேர் அவரைக் குற்றமற்றவர் என்றார்கள். அந்த முடிவை ஏற்க முடியாது என்று செஷன்ஸ் நீதிபதியே வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கே கொலைக்குற்றம் உறுதியாகி ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

மேல்முறையீட்டில் 1961 நவம்பர் 24 அன்று அதை உறுதி செய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எழுதிய நீதிபதி சுப்பா ராவ், காயங்களோடு வேறொன்றையும் கவனித்தார். மூன்று குண்டுகள் வெடிக்கும் அளவுக்கு இரு ஆண்கள் கட்டிப் புரண்டிருந்தால், அஹுஜாவின் இடுப்புத் துண்டு அவிழாமலும் நழுவாமலும் இருந்தது எப்படி? மனைவி சொன்னதைக் கேட்டு வீட்டைவிட்டுக் கிளம்பியதற்கும் சுட்டதற்கும் நடுவே ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடியிருந்ததால், திடீர் ஆத்திரம் என்ற வாதமும் நிற்கவில்லை. மனத்தில் இருந்ததைக் காயம் சொல்லாது. கப்பலில் வாங்கிய துப்பாக்கியும் சாத்திய கதவும் நழுவாத துண்டும் சொன்னவற்றுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் காயம் படிக்கப்பட்டது. அந்தப் படிப்பு சரியான படிப்பு.

குற்றம் சாட்டப்பட்டவர் மீது இரக்கம் கொள்வது தவறல்ல. அந்த இரக்கத்துக்காகத் தண்டனையைக் குறைக்கக் கேட்கலாம், மன்னிப்பும் கேட்கலாம். காயத்தின் அளவை மாற்றிச் சொல்லும்படி கேட்கக் கூடாது. இறந்தவர் நல்லவரா கெட்டவரா என்ற விசாரணை, அவர் கையில் பதிந்த மருந்துத் துகளின் பொருளை ஒரு நூலளவும் மாற்றாது. அஹுஜாவால் தன் தரப்பைச் சொல்ல முடியவில்லை. அவர் கையும் மார்பும் மண்டையோடும் சொன்னதைக் கேட்க விரும்பாத ஊர் அவரை இரண்டாம் முறையும் தண்டித்தது.

1964-இல் மகாராஷ்டிர ஆளுநர் விஜயலட்சுமி பண்டிட் நானாவதிக்கு மன்னிப்பு வழங்கினார். 2016-இல் வந்த ‘ருஸ்தம்’ என்ற இந்திப் படம் இந்தக் கதையை மறுபடி எடுத்து, நாயகனை ஜூரி விடுவிப்பதோடு முடிந்தது. மன்னிப்பால் நானாவதியின் தண்டனை நீங்கியது. அஹுஜா தற்செயலாகச் சாகவில்லை, கொல்லப்பட்டார் என்ற உச்ச நீதிமன்றத்தின் முடிவு அப்படியே இருக்கிறது.