கரையும் லிங்கமும் காக்கப்படும் லிங்கமும்

அமர்நாத் குகையின் பனிலிங்கம் யாத்திரை முடியும்வரை நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஏறக்குறைய 3,880 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்தக் குகையின் கூரையிலிருந்து சொட்டும் நீர் உறைந்து, தரையிலிருந்து மேல்நோக்கி வளர்கிறது. கோடை முற்ற முற்றக் கரைகிறது. 2024-இல் ஜூன் 29 அன்று 52 நாள் யாத்திரை தொடங்கியது. சுமார் ஒரு வாரத்தில் லிங்கம் உருகிவிட்டது. நாலைந்து நாள் விடுப்பில் காஞ்சிபுரத்திலிருந்து போகும் ஒருவர், பழக்கமில்லாத மலையேறி ஈரப்பாறையை மட்டும் பார்த்துத் திரும்பினால், அவருக்குத் தரிசனம் கிடைத்ததா இல்லையா?

இந்தக் கேள்விக்குக் காஞ்சியிலேயே ஓர் உரைகல் உண்டு. பஞ்சபூதத் தலங்களில் மண்ணுக்குரிய ஏகாம்பரநாதர் கோயிலின் மூலவர் மணல் லிங்கம். மாமரத்தடியில் அம்பிகை தன் கையால் மணலைக் குவித்துப் பூசித்ததாகவும், கம்பையாறு பெருகி வந்தபோது அது கரையாதபடி மார்போடு தழுவிக் காத்ததாகவும் தலபுராணம் சொல்கிறது. சேக்கிழாரும் திருக்குறிப்புத் தொண்ட நாயனார் புராணத்தில் இதை விரித்துப் பாடுகிறார். இன்றும் அந்த லிங்கத்தின்மேல் தண்ணீர் படுவதில்லை. அபிஷேகம் ஆவுடையாருக்குத்தான், லிங்கத் திருமேனிக்குப் புனுகு சாத்துகிறார்கள்.

ஆக, கரையக்கூடிய பொருளில் இறைவனைக் காண்பதில் சைவத்துக்குத் தயக்கம் இருந்ததில்லை. ஆகமங்கள் இன்னும் ஒருபடி மேலே போகின்றன. மணல், அரிசி, அன்னம், பூ, சந்தனம் என்று கைக்குக் கிடைத்ததில் லிங்கம் சமைத்து, பூசை முடிந்ததும் விட்டுவிடும் முறைக்கு அவற்றில் இடமுண்டு. அதற்கு க்ஷணிக லிங்கம் என்று பெயர். அங்கே அழிவு குறையாக எண்ணப்படுவதில்லை. பூசையின் கடைசிப் படியே அதுதான்.

அப்படியானால் 2006-இல் ஏன் அத்தனை சர்ச்சை? அந்த ஆண்டு அமர்நாத்தில் லிங்கம் தானாக உருவாகவில்லை, பனியைக் கொண்டுவந்து கையால் பிடித்துவைத்தார்கள் என்று புகார் எழுந்து, விசாரணைவரை போனது. கையால் செய்ததுதான் குற்றமென்றால் காஞ்சி லிங்கமும் தப்பாது. லிங்கங்களைத் தானாய்த் தோன்றியவை, தேவர் நிறுவியவை, முனிவர் நிறுவியவை, மனிதர் நிறுவியவை என்று வகைப்படுத்தும் நூல்கள், மனிதர் நிறுவியதை வழிபாட்டிலிருந்து தள்ளிவிடவில்லை. மனம் புண்பட்டது கைபட்டதால் அல்ல. கைபட்டதைச் சுயம்பு என்று காட்டியதாக எழுந்த ஐயத்தால்தான். வெளிப்படையாகக் குவித்த மணலுக்குள்ள மதிப்பு, ஒளித்துச் சேர்த்த பனிக்குக் கிடையாது.

இனி அந்த ஈரப்பாறை. மெய்கண்டாரின் சிவஞானபோதம் தன் பன்னிரண்டாம் சூத்திரத்தில், அடியாரின் வேடத்தோடு ஆலயத்தையும் சிவனாகவே தொழச் சொல்கிறது. எங்கும் நிறைந்தவன் இவ்விடங்களில் விளங்கித் தோன்றுகிறான் என்பது அதன் காரணம். இதன்படி பார்த்தால் குகையே போதும். பனி போனதால் இடம் வெறுமையாகிவிடவில்லை. ஆனால் இந்த விடை சற்று எளிதாகவே கிடைத்துவிடுகிறது. கண்ணுக்கு ஓர் உருவம் வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் அருவத்துக்கும் உருவத்துக்கும் நடுவே லிங்கத்தை அருவுருவமாக வைத்தது சைவம். ஆகவே உருவம் கிடைக்காத ஏமாற்றத்தை அறியாமை என்று ஒதுக்குவது அந்தச் சமயத்துக்கே பொருந்தாது. ஏமாற்றமும் உண்மை, தரிசனமும் உண்மை.

அமர்நாத் வழக்கமும் இதற்கு ஒத்துப்போகிறது. வளர்பிறையோடு லிங்கமும் வளர்ந்து பௌர்ணமியில் முழுமை பெறும் என்பது நம்பிக்கை. யாத்திரையின் நிறைவு நாளோ ஆவணி அவிட்டத்தை ஒட்டிய பௌர்ணமி, பனி மிகக் குறைந்திருக்கும் காலம். சடி முபாரக் எனப்படும் புனிதத் தண்டம் அன்றுதான் குகைக்குள் வந்து பூசை ஏற்கிறது. பனி முன்பே கரைந்துவிட்டது என்பதற்காக அந்த நாளை மாற்றுவதில்லை.