பிடித்த கையை விடுதல்

சாரல் காலத்தில் குற்றாலப் பேரருவியின் முன் அஞ்சி நிற்கும் சிறுவனைக் காண்கிறோம். தொலைவில் நின்று, 'நீ வீரன்' என்று புகழ்ந்தால் அச்சம் அகலுமா? தந்தை கைபிடித்துச் சென்று நீரோரம் நிறுத்துகிறார். பின்னர் மெல்லக் கையை விடுகிறார். துணிவு அக்கணத்தில் பிறக்கின்றது.

இன்று தன்னம்பிக்கைப் பயிற்சி கட்டணம் பெற்று அளிக்கப்படுகின்றது. அது குற்றமன்று. ஆயினும், ஒருவர் நெஞ்சில் மற்றொருவர் நம்பிக்கையை ஊற்றிவிட இயலுமா?

முஆது இப்னு ஜபல் (ரலி) அவர்களை யமன் நாட்டுக்கு அனுப்புகையில், எவ்வாறு தீர்ப்பளிப்பீர் என நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். வேதத்திலும் நபிவழியிலும் விடை காணாவிடில் தம் அறிவைக் கொண்டு முயல்வதாக முஆது (ரலி) கூற, நாயகம் (ஸல்) மகிழ்ந்தார்கள் என அபூதாவூது, திர்மிதீ நூல்களில் பதிவாகியுள்ளது. விடையை ஊட்டவில்லை, வினவி, செவிமடுத்து, அனுப்பிவைத்தார்கள். குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி.யும் (1882–1954) நண்பர்கள் தாமே கவிச்சுவை காணும்படி பாடல்களைப் படித்துக் காட்டியவரே.

நாமோ, ஓதுகையில் தயங்கும் மாணவனுக்கு முந்திக்கொண்டு சொல்லெடுத்துக் கொடுத்திருக்கிறோம். அன்பென்று எண்ணினோம், அவன் நாவை நாமே கட்டினோம்.

முகத்துக்கு நேரே மிகையாகப் புகழ்வதை நாயகம் (ஸல்) கண்டித்தார்கள். புகழில் வளர்ந்த நம்பிக்கை, புகழ்வோர் அகன்றதும் சரியும். முயற்சி தன்னுடையது, முடிவு அல்லாஹ்வுடையது என்னும் தவக்குலில் ஊன்றியவனோ தோல்வியிலும் குலையான். ஆசான் விலகிய பின்னும் மாணவன் நிற்கின்றானா? பயிற்சிக்கு அதுவே உரைகல்.