காவலும் சம்மதமும்

அகநானூற்றின் அறுபதாவது பாட்டு குடவாயிற் கீரத்தனார் பாடியது. குடவாயில் என்பது கும்பகோணத்திற்கும் திருவாரூருக்கும் இடையே உள்ள இன்றைய குடவாசலே என்பர் அறிஞர். எங்கள் ஊர்ப் புலவர் என்று நாங்கள் உரிமை கொண்டாடும் அப்பெருமகனார் அப்பாட்டில் ஒரு தாயைக் காட்டுகிறார். கடற்கரைச் சிற்றூரில் வாழும் பரதவர் குலத்துத் தாய் அவள். மகள் தோழியரோடு மணலில் சிறுவீடு கட்டி விளையாடினாலும், மேனியின் ஒளி வாடிவிடுமே என்று வீணாகச் சினப்பவள். மகளின் உள்ளம் ஓர் இளைஞன்பால் சென்றிருப்பதை இவள் அறிந்துவிட்டால், சோழ மன்னர் குடந்தையில் வைத்துக் காத்த பெருநிதிக்கு இட்ட காவலைவிடக் கடுங்காவலில் அவளை வைத்துவிடுவாள் என்று தோழி தலைவனை எச்சரிக்கிறாள். எச்சரிக்கும்போதே அத்தாயை அறமில்லாதவள் என்றும் சொல்லிவிடுகிறாள்.

இச்சொல்லை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. வெயில் பட்டால் பிள்ளையின் மேனி கறுக்குமே என்று கலங்குகின்ற தாய் எவ்வாறு அறமில்லாதவள் ஆவாள்? அவள் செய்வன யாவும் அன்பினால் அன்றோ? ஆயினும் புலவர் கையாண்ட உவமையிலேயே விடை இருக்கிறது. மகளை அவள் நிதியைக் காப்பதுபோல் காக்க முற்படுகிறாள். நிதிக்கு மனம் இல்லை. பூட்டி வைத்தால் கிடக்கும். எடுத்து ஒருவர் கையில் கொடுத்தால் போகும். மனம் உள்ள ஒன்றை மனம் இல்லாத ஒன்றைப்போலக் காப்பது, அன்பினாலேயே செய்தாலும், அறத்தினின்று விலகியதே என்று அத்தோழி கருதினாள் போலும்.

எங்கள் டெல்டாவின் மறுகோடியில் உள்ள நாகூரில், 1938ஆம் ஆண்டில், ஒரு முஸ்லிம் பெண்மணி புதினம் ஒன்றை எழுதி வெளியிட்டார். அவர் சித்தி ஜுனைதா பேகம். 1917இல் பிறந்தவர், பள்ளிப் படிப்பு மிகச் சொற்பம். பன்னிரண்டு வயதில் மணமுடித்து வைக்கப்பட்டு, இளமையிலேயே கணவரை இழந்தவர். அப்புதினத்தை டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்களே பாராட்டியிருக்கிறார்கள். அதற்கு அவர் இட்ட பெயர் ‘காதலா? கடமையா?’ என்பது. பன்னிரண்டு வயதில் எவரும் கேளாமலே மணம் முடிக்கப்பட்ட ஒருவர், இருபத்தொரு வயதில் தம் நூலுக்கு இரண்டு கேள்விக் குறிகளைத் தலைப்பாக வைத்தார் என்பதை நம் இல்லங்களில் உள்ளோர் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

காதல் ஒருபுறம், கடமை மறுபுறம். மகளின் விருப்பம் ஒருபுறம், குடும்பத்தின் மானம் மறுபுறம் என்று நாம் தராசு பிடிக்கிறோம். இத்தராசு சரியானதுதானா? மார்க்கம் இதை எவ்வாறு நிறுக்கிறது?

நம் சமுதாயத்தில் இருவகை மத்ஹபினர் வாழ்கின்றனர். நாகூர், அதிராம்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகள் மிகுதி. உள்நாட்டு ஊர்களில் ஹனஃபிகள் மிகுதி. பருவமடைந்த பெண்ணை அவள் விருப்பத்திற்கு மாறாக எவரும் மணமுடித்து வைக்க இயலாது என்பது ஹனஃபி சட்டம். ஷாஃபிஈ சட்டத்தில் வலீ இல்லாமல் நிக்காஹ் இல்லை. கன்னிப் பெண்ணை அவளுடைய தந்தையோ பாட்டனாரோ அவளைக் கேளாமலும் மணமுடிக்கலாம் என்ற விதியும் உண்டு. இந்த ஒரு விதியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, “எங்கள் மத்ஹபில் பெண்ணைக் கேட்க வேண்டியதில்லை” என்று கூறுவோரை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் விதியின் எஞ்சிய பகுதியைப் படிப்பதில்லை. தந்தைக்கும் மகளுக்கும் இடையே வெளிப்படையான பகை இருத்தல் கூடாது. மாப்பிள்ளை அவளுக்குத் தகுதியானவராய் இருத்தல் வேண்டும். மஹர் கொடுக்க வசதி உடையவராய் இருத்தல் வேண்டும். பதினாறாம் நூற்றாண்டில் பொன்னானி ஜைனுத்தீன் மக்தூம் அவர்கள் எழுதி, இன்றும் நம் அரபிக் கல்லூரிகளில் ஓதப்பட்டு வரும் ‘ஃபத்ஹுல் முஈன்’ இத்தகைய நிபந்தனைகளைத்தான் பேசுகிறது. இவை யாவும் நிறைந்த பின்னரும், பருவமடைந்த பெண்ணிடம் அனுமதி கேட்பதே சுன்னத்து என்று ஷாஃபிஈ நூல்கள் கூறுகின்றன. அவள் உள்ளத்தில் இருப்பதை அறிய நம்பிக்கைக்குரிய பெண்களை அவளிடம் அனுப்ப வேண்டும், அதற்கு மிகப் பொருத்தமானவள் அவளுடைய தாய் என்றும் அந்நூல்கள் சொல்கின்றன. குடவாயிற் கீரத்தனாரின் பாட்டில் காவல் வைக்க வந்த தாயை, நம் இமாம்கள் மகளின் உள்ளத்தைக் கேட்டுவர அனுப்புகிறார்கள்!

இனி, மௌனம் பற்றி. கன்னிப் பெண்ணின் மௌனமே அவளுடைய சம்மதம் என்பது யாவரும் அறிந்த செய்தி. நாணம் மிக்க பெண்ணை வாய் திறந்து சொல்லும்படி வருத்தலாகாது என்ற கருணையே அதன் உட்பொருள். ஆனால் நம் ஊர்களில் அக்கேள்வி எப்பொழுது கேட்கப்படுகிறது? பத்திரிகை அச்சடித்து ஊரெங்கும் கொடுத்தாகிவிட்டது. சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் உறவினர் வந்து இறங்கிவிட்டார்கள். சஹனில் சோறு போடத் தேக்சாவில் பிரியாணி தம் ஆகிக்கொண்டிருக்கிறது. அந்த வேளையில் வக்கீலும் இரு சாட்சிகளும் கதவோரம் வந்து நின்று, இன்னாரின் மகன் இன்னாருக்கு இத்தனை மஹருக்கு உன்னை நிக்காஹ் செய்து கொடுக்கச் சம்மதமா என்று வினவுகிறார்கள். வேண்டாம் என்ற சொல்லுக்கு அங்கே இடம் ஏது? இல்லை என்று சொல்ல இயலாத இடத்தில் ஆம் என்பதற்கும் பொருள் இல்லை. மௌனத்திற்கோ சிறிதும் இல்லை. சட்டப்படி அந்த நிக்காஹ் நிறைவேறிவிடும் என்பதை நான் மறுக்கவில்லை. கேள்வி கேட்கப்பட்டதா என்பதே என் ஐயம்.

பெருமானார் (ஸல்) அவர்களிடம் ஓர் இளம்பெண் வந்து, தன் தந்தை தன்னைத் தம் சகோதரர் மகனுக்கு மணமுடித்து வைத்துவிட்டதாகவும், அதனால் அவனுடைய தாழ்வு நீங்கும் என்று எண்ணியே அவ்வாறு செய்ததாகவும் முறையிட்டாள். நபியவர்கள் அவளுடைய தந்தையை வரவழைத்து, முடிவை அவள் கையிலேயே ஒப்படைத்தார்கள். அதன்பின் அவள் சொன்னதுதான் வியப்பு. தந்தை செய்ததை ஏற்றுக்கொள்வதாகவும், இக்காரியத்தில் தந்தையர்க்கு உரிமை இல்லை என்பதைப் பெண்கள் அறிய வேண்டும் என்றே தான் வந்ததாகவும் அவள் கூறினாள். இந்நிகழ்ச்சியை நம் மேடைகளில் பாதியளவே சொல்கிறார்கள். சிலர் உரிமையை மட்டும் சொல்வர். சிலர் அவள் தந்தைக்கு இணங்கியதை மட்டும் சொல்வர். முடிவு தன் கைக்கு வந்த பின்னரே அவள் இணங்கினாள். வாய் திறக்க விடாமல் பெறுகின்ற இணக்கமும் இதுவும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் அதே மாப்பிள்ளை, அதே வீடு. ஆனால் ஒன்றில் அவள் கொடுக்கப்பட்டவள். மற்றொன்றில் தானே வந்தவள்.

மஃகில் இப்னு யஸார் (ரலி) அவர்களின் செய்தியும் இங்குக் கருதத்தக்கது. அவர் தம் தங்கையை ஒருவருக்கு மணமுடித்துக் கொடுத்தார். அம்மனிதர் அவளை விவாகரத்துச் செய்துவிட்டு, இத்தா முடிந்த பின் மீண்டும் பெண் கேட்டு வந்தார். உன்னை மதித்துக் கொடுத்தேனே, நீ தலாக் சொல்லிவிட்டு மறுபடியும் வருகிறாயா என்று மஃகிலுக்குக் கோபம். ஒருபொழுதும் தரமாட்டேன் என்று உறுதி கொண்டார். அக்கோபத்தில் நியாயம் இல்லை என்று எந்த அண்ணன்தான் சொல்வான்? ஆனால் தங்கைக்கோ அவரிடமே திரும்ப விருப்பம். அப்பொழுதுதான், இருவரும் நல்ல முறையில் மனம் ஒத்துவிட்டால் பெண்களைத் தடுக்காதீர்கள் என்னும் கருத்துடைய வசனம், அல்பகறா அத்தியாயத்தில், இறங்கியது. மஃகில் உடனே பணிந்தார். அண்ணனின் மானம் உண்மையானது, அவமதிப்பும் உண்மையானது. எனினும் அம்மானத்திற்கான விலையைத் தங்கையின் வாழ்விலிருந்து எடுக்க அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. தகுந்த இடத்தை வலீ காரணமின்றித் தடுத்தால், காழி அவ்வுரிமையைத் தாம் எடுத்துக்கொண்டு மணமுடித்து வைக்கலாம் என்று சட்ட இமாம்கள் விதித்திருப்பதும் இதே நோக்கில்தான்.

பெற்றோரை இவ்வளவு நிறுத்துக் கேட்டபின், இளைஞர்களையும் கேட்க வேண்டும். அதற்கு பரீரா (ரலி) அவர்களின் வரலாற்றைவிடப் பொருத்தமானது எதுவும் எனக்குத் தெரியவில்லை. அடிமையாய் இருந்த பரீராவை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விலைக்கு வாங்கி விடுதலை செய்தார்கள். அவருடைய கணவர் முகீஸ் அப்பொழுது அடிமை. விடுதலை பெற்றதும், அந்த மணத்தில் நீடிப்பதா பிரிவதா என்னும் உரிமை பரீராவுக்கு வந்தது. அவர் பிரிந்தார். முகீஸோ மனைவியின்பால் அளவிறந்த காதல் உடையவர். மதீனத்து வீதிகளில் அவர் பின்னாலேயே அழுதுகொண்டு நடந்ததையும், கண்ணீர் தாடியில் வழிந்ததையும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கண்ணெதிரே நிற்கும் காட்சிபோல அறிவிக்கிறார்கள். நபியவர்களே மனம் இரங்கி, அவரிடம் திரும்பிச் சென்றால் என்ன என்று பரீராவிடம் கேட்டார்கள். பரீரா ஒரு கேள்வி கேட்டார்: இது கட்டளையா? இல்லை, பரிந்துரைதான் என்று விடை வந்தது. அப்படியாயின் தமக்கு அவர் தேவையில்லை என்று அந்த அம்மையார் சொல்லிவிட்டார். அத்தோடு முடிந்தது.

நேற்றுவரை பிறருடைய உடைமையாய் இருந்த ஒரு பெண், அல்லாஹ்வின் தூதரிடமே கட்டளைக்கும் பரிந்துரைக்கும் இடையே உள்ள கோட்டைக் காட்டும்படி கேட்கிறார், அவர்களும் காட்டுகிறார்கள். மறுத்ததற்காக அவர்மீது மனவருத்தமும் கொள்ளவில்லை. நம் வீடுகளில் அத்தாமார் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு: “நான் கட்டாயப்படுத்தவில்லையம்மா, சொல்கிறேன், அவ்வளவுதான்.” சொல்லிவிட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பார்கள். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுவார்கள். நன்னி, என் கண் மூடுமுன் பார்க்க வேண்டும் என்பார்கள். இவற்றுள் எதுவும் கட்டளை அன்று. எல்லாம் சேர்ந்தால் கட்டளையினும் கனமானது. பரிந்துரை என்று சொன்னவர், மறுப்பு வந்தபின் தம் முகம் மாறாமல் காத்துக்கொள்ள வேண்டும். மகளிடம் சம்மதம் கேட்பதைவிட இது கடினம்.

முகீஸின் பக்கமும் பார்க்க வேண்டும். அவருடைய காதல் மெய்யானது. அதை எவரும் இகழவில்லை. ஆனால் அக்காதல் அவருக்குப் பரீராவின்மீது எந்த உரிமையையும் தரவில்லை. நான் நேசித்தேன், ஆகவே நீ என்னுடையவள் என்று எண்ணுகின்ற ஆடவரால் நம் நாட்டில் விளைந்த தீங்குகள் கொஞ்சமல்ல. நாகூருக்கு அண்மையில் உள்ள காரைக்காலில், 2012ஆம் ஆண்டில், தன்னை ஏற்க மறுத்த இளம் பொறியாளர்மீது ஒருவன் அமிலத்தை வீசினான். அப்பெண் 2013 பிப்ரவரியில் இறந்துபோனார். நிதியைப்போல் பூட்டி வைக்கும் தாயும் இவனும் ஒன்றல்லர். அவ்வாறு சொல்வது தாய்மைக்குச் செய்யும் அநீதி. ஆயினும் அவனும் ஒரு பெண்ணின் ‘இல்லை’ என்ற சொல்லைச் சொல்லாகவே கொள்ளாதவன்தான்.

நீதிமன்றங்களுக்கும் இவ்வழக்குகள் போயிருக்கின்றன. 1864இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கொன்றில், ஷாஃபிஈயாக வளர்ந்த ஒரு பெண், தாம் ஹனஃபி மத்ஹபை ஏற்றுக்கொண்டதாகக் கூறித் தந்தையின் சம்மதம் இன்றி மணம் புரிந்திருந்தார். பருவமடைந்த பெண் அவ்வாறு மத்ஹபை மாற்றிக்கொள்ளலாம், மணமும் செல்லும் என்று நீதிமன்றம் தீர்த்தது. 1928இல் சென்னை உயர்நீதிமன்றம், பருவமடைந்த ஷாஃபிஈப் பெண்ணை அவள் சம்மதமின்றித் தந்தை செய்து வைத்த மணம் செல்லாது என்று கூறியது. பதினைந்து வயது நிரம்புமுன் மணமுடிக்கப்பட்டு, இல்லறம் தொடங்காதவள், பதினெட்டு நிரம்புமுன் அம்மணத்தை மறுத்துவிடலாம் என்று 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டமும் விதித்தது.

இவற்றுள் முதல் வழக்கைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியைவிட வருத்தமே மிகுந்தது. பிறந்த வீட்டில் கற்ற தொழுகை முறையும் ஓதல் முறையும் ஒருவருடைய அடையாளத்தின் பகுதி. தந்தை மகளின் சொல்லுக்குச் செவி சாய்க்கும் வீட்டில், மணம் புரிவதற்காக மகள் தன் தந்தையின் மத்ஹபைத் துறக்க வேண்டியிராது. வேறு வழியின்றி வெளியேறுபவர்களைப் பார்த்து, மார்க்கப் பற்றில்லை என்று நாம் எளிதாகப் பேசிவிடுகிறோம்.

இன்று நிலைமை இன்னும் மாறியிருக்கிறது. கும்பகோணத்திலும் திருவாரூரிலும் சென்று பட்டம் பெற்ற பெண்கள் நம் தெருக்களில் நிறைய இருக்கிறார்கள், சம்பாதிக்கிறார்கள், தம்பியின் கல்விக் கட்டணத்தையும் செலுத்துகிறார்கள். அவள் கையெழுத்திட்டு வங்கியில் பணம் எடுப்பதை ஏற்றுக்கொள்ளும் குடும்பம், அவள் ஒருவரைக் குறிப்பிட்டு, நல்லவர், விசாரியுங்கள் என்று சொன்னால் இடிந்துபோகிறது. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் நஃபீஸா என்ற தோழியை அனுப்பித் தம் விருப்பத்தைத் தெரிவித்ததை மீலாது மேடைகளில் பெருமையோடு பேசும் நாம்தான் இடிந்துபோகிறோம். அவள் குறிப்பிட்டவர் தகாதவராகவும் இருக்கலாம். இருபது வயதுக் கண் தவறுவதுண்டு. வலீயை மார்க்கம் ஏற்படுத்தியதும் அதற்காகவே. விசாரித்து அறிந்ததை அவள் முன் வைப்பது தந்தையின் கடமை. விசாரியாமலே மறுப்பதற்குப் பெயர் வேறு.

ஆகவே தாயை அனுப்புங்கள் என்ற இமாம்களின் சொல்லுக்கே வருகிறேன். பத்திரிகை அச்சுக்குப் போகுமுன், மாப்பிள்ளை வீட்டார் இனிப்போடு வருமுன், ஒரு பகற்பொழுதில் அடுப்படியிலோ கிணற்றடியிலோ தாய் தனித்திருந்து கேட்கட்டும். மகள் வேண்டாம் என்றால், அச்சொல்லைத் தாய் அப்படியே கொண்டு வரட்டும். வழியில் அதைக் குறைத்துவிட வேண்டாம். அதற்குள் ஒருவேளை கல்யாண மண்டபத்திற்கு முன்பணம் கொடுத்தாகியிருக்கும். அதைத் திருப்பிக் கேட்கத் தந்தை ஒருமுறை மண்டபத்துக்காரரிடம் போய் நிற்க வேண்டியிருக்கும்; அவர் பாதிதான் தருவார்.