அழுது முடித்தாயா? கணக்கை எடு!

ரிசல்ட் வந்த சாயங்காலம். ஜீவனஹள்ளியில் ஒரு மொட்டை மாடி. காயப்போட்ட துணிகளுக்கு நடுவே நீ உட்கார்ந்திருக்கிறாய். பெங்களூர் ஈஸ்ட் ஸ்டேஷன் பக்கம் ரயில் ஒன்று கூவிக்கொண்டு போகிறது. சாப்பிட வரச் சொல்லி அம்மா இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. அந்த மௌனம்தான் உன்னை அதிகமாக அறுக்கிறது. எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "நீட் என்னாச்சு?" என்று கேட்டுவிடுவாரோ என்று சேலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்கிறாய்.

அழு. யாரும் தடுக்கப் போவதில்லை. இரண்டு வருடம் தூக்கத்தை விற்றுப் படித்த பிள்ளைக்கு ஒரு ராத்திரி அழ உரிமை உண்டு. ஆனால் ஒரு ராத்திரிதான்! விடிந்ததும் முகத்தைக் கழுவு. ஒரு நோட்டை எடு. நமக்கு வேலை இருக்கிறது. கணக்குப் பார்க்கும் வேலை.

நஷ்டம் வந்த மளிகைக் கடைக்காரர் ஷட்டரை இழுத்துவிட்டு மூலையில் முடங்குவதில்லை. பேரேட்டைத் திறக்கிறார். எது விற்கவில்லை, எது கெட்டுப்போனது, எதை எலி தின்றது என்று வரி வரியாகப் பார்க்கிறார். நீயும் பார். இந்தத் தோல்வியில் உன் பங்கு எவ்வளவு? கதவின் பங்கு எவ்வளவு? இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, மேலே ‘நான் லாயக்கில்லை’ என்று சீட்டு ஒட்டுகிறாயே, நீ செய்யும் மிகப் பெரிய தப்பு அதுதான்!

கதவின் பங்கு

2025இல் நீட் எழுதியவர்கள் 22 லட்சம் பேருக்கு மேல். அவர்களில் தகுதி பெற்றவர்களே 12 லட்சத்துக்கு மேல். நாடு முழுக்க எம்.பி.பி.எஸ். இடங்கள் எத்தனை? தனியார் கல்லூரிகளையும் சேர்த்துச் சுமார் 1.2 லட்சம். வகுத்துப் பார். ‘தகுதி உண்டு’ என்று தேர்வு நடத்தியவர்களே முத்திரை குத்திய பத்துப் பேருக்கு ஒரு நாற்காலி. அரசுக் கல்லூரி என்று பார்த்தால் ஏறக்குறைய இருபது பேருக்கு ஒன்று. நின்றுகொண்டிருக்கும் மீதிப் பத்தொன்பது பேரும் மக்குகளா? பந்தியில் இலை குறைவாகப் போட்டுவிட்டு, பசித்தவனைப் பார்த்து உனக்குச் சாப்பிடத் தெரியவில்லை என்று சொன்னால் ஒத்துக்கொள்வாயா?

மார்க்கின் லட்சணத்தையும் பார். 2024 ஜூன் 4 அன்று வந்த முடிவில் 67 பேருக்கு 720க்கு 720. அந்த ஆண்டுத் தேர்வு உச்ச நீதிமன்றம் வரை போய் நின்றது. 1,563 பேருக்கு மறுதேர்வு அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு இயற்பியல் கேள்விகள் இடுப்பை ஒடித்தன. நாட்டிலேயே முதலாவதாக வந்தவருக்கு 686. ஒரே வருடத்தில் இந்தியப் பிள்ளைகளின் மூளை சுருங்கிவிட்டதா? கேள்வித்தாள் மாறியது, அவ்வளவுதான். போன வருடம் பக்கத்து வீட்டுப் பையன் வாங்கிய மார்க்கோடு உன் மார்க்கை உரசிப் பார்ப்பதை இன்றோடு நிறுத்து. அது இரண்டு வேறு தராசுகளில் நிறுத்த அரிசி.

நோட்டில் முதல் வரியை எழுது: கதவு குறுகலானது. நான் குறுகியவள் என்று அதற்குப் பொருளில்லை.

பூட்டிய கதவும் பிளேக் ஊரும்

கதவு மூடப்படுவது புதிய கதையும் அல்ல. உன் வீட்டுக்கு அருகிலேயே அதற்குச் சாட்சி உண்டு.

திருவனந்தபுரத்தில் 1863இல் பிறந்தவர் பத்மநாபன் பல்பு. மருத்துவம் படிக்க ஆசைப்பட்டு நுழைவுத் தேர்வு எழுதினார். தேறினார். இடம் கொடுக்கவில்லை. அவர் ஈழவர், அந்தச் சாதியில் பிறந்த பிள்ளைக்குத் திருவிதாங்கூர் கதவு திறக்கவில்லை. நன்றாகக் கவனி. அவருக்கு மார்க் போதாமல் போகவில்லை. மார்க்கைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்!

என்ன செய்தார்? சென்னைக்கு ரயிலேறிப் போகிற வசதியான காலமல்ல அது. ஆனாலும் போனார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டரானார். பட்டத்தோடு ஊருக்கு வந்து வேலை கேட்டார். அதற்கும் பழைய பதில்தான். அவரை ஏற்றுக்கொண்டது மைசூர் சமஸ்தானம். பெங்களூருக்கு வந்தார்.

1898இல் இந்த நகரத்தைப் பிளேக் பிடித்தது. ஜனங்கள் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடிய நாட்களில், பிளேக் முகாம்களில் நின்று வேலை செய்தவர்களில் டாக்டர் பல்புவும் ஒருவர். அந்தப் பிளேக்குக்குப் பிறகுதான், கன்டோன்மென்ட்டின் நெரிசலைக் குறைக்கப் பிரேசர் டவுன் உருவானது. நீ டியூஷனுக்கு நடந்து போகிற பிரேசர் டவுன்தான்! எந்த ஊர் அவரை டாக்டராக்க மறுத்ததோ அந்த ஊருக்குப் போகவேண்டிய மருத்துவம் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தது. நஷ்டம் யாருக்கு?

அவரும் கணக்கெடுத்தவர்தான். 1896இல் தன் சமூகத்துக்குக் கல்வியும் அரசு வேலையும் கேட்டுத் திருவிதாங்கூர் மன்னருக்கு ஒரு மனு அனுப்பினார். அதில் இருந்த கையெழுத்துகள் 13,176. குற்றம் எங்கே இருந்ததோ அங்கே விரலை நீட்டினார். அந்த விரலால் தன் கண்ணைக் குத்திக்கொள்ளவில்லை.

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமிக்கும் இதே கதைதான். ஆண்கள் கல்லூரியில் ஒரு பெண், அதிலும் தேவதாசி மரபில் வந்த தாயின் மகள், எப்படிப் படிக்கலாம் என்று ஊர் முணுமுணுத்தது. மன்னரின் அனுமதியோடு உள்ளே போனார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912இல் டாக்டர். முணுமுணுத்தவர்களின் பெயர்கள் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. அவர் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தெரியாதவர் உண்டா?

உன் பங்கு

இப்போது கூசாமல் உன் பக்கத்துக்கு வா. பல்புவுக்கு நடந்தது அநியாயம். எனக்கு நடந்ததும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு நீ தப்பிக்க நான் விடமாட்டேன்!

180 கேள்வி. 180 நிமிடம். சரியானால் 4, தவறானால் 1 கழிவு. விடைக்குறிப்பையும் உன் விடைத்தாளின் நகலையும் இறக்கி வைத்துக்கொள். நோட்டில் மூன்று கட்டம் போடு. ‘தெரியவே தெரியாது.’ ‘தெரிந்தும் கோட்டைவிட்டேன்.’ ‘குருட்டாம்போக்கில் அடித்தேன்.’ நீ தவறவிட்ட ஒவ்வொரு கேள்வியையும் ஏதாவது ஒரு கட்டத்தில் போடு. கை நடுங்கும். நடுங்கட்டும், போடு.

மூன்றாவது கட்டத்தில் 25 கேள்வி விழுந்ததா? ஒன்றுமே செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டிருந்தால்கூட உனக்கு 25 மார்க் அதிகம் வந்திருக்கும்! அந்த 25 மார்க்குக்குள் ஆயிரக்கணக்கானவர்கள் நிற்கிறார்கள். அவர்களைவிட நீ அறிவில் குறைந்தவள் அல்ல. கையைக் கட்டத் தெரியாத வியாபாரி, அவ்வளவுதான். இரண்டாவது கட்டம் நிரம்பி வழிகிறதா? பாடத்தில் கோளாறில்லை, பழக்கத்தில் கோளாறு. புதுப் புத்தகம் வாங்காதே. மாதிரித் தேர்வுகளை எழுது. முதல் கட்டம் பெரிதா? அடித்தளத்திலிருந்து தொடங்கு, வெட்கமே வேண்டாம்.

உயிரியலில் மட்டும் 90 கேள்வி, 360 மார்க். மொத்தத்தில் சரிபாதி. இயற்பியலைக் கண்டு பயந்து ராத்திரி பகலாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டு, வீட்டு வாசலில் கொட்டிக்கிடக்கும் இந்தப் பாதியை விட்டுவிடுகிறவர்கள் எத்தனை பேர்! என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதைக்கூட விடாதே.

இன்னொன்று. தேர்வு நடப்பது மே மாதத்து வெயிலில், மதியம் 2 மணிக்கு. நீ படித்ததெல்லாம் ராத்திரி 2 மணிக்கு! சாப்பிட்டதும் சொக்குகிற அந்த மதிய நேரத்தில் உன் மூளையை உட்கார வைத்துப் பழக்கினாயா? இந்த வருடம் பழக்கு. தினமும் 2 முதல் 5 வரை ஃபேன் சத்தத்தோடு, பக்கத்து வீட்டு டி.வி. சத்தத்தோடு உட்கார். ஜீவனஹள்ளியின் இரண்டு அறை வீட்டில் அமைதி கிடைக்காது என்பது நிஜம். தேர்வு மையத்திலும் எவரும் தாலாட்டுப் பாடமாட்டார்கள்.

தேனி மாவட்டம் சில்வார்பட்டி அரசுப் பள்ளியில் படித்த ஒரு மாணவர் 2020இல் 664 மார்க் எடுத்தார். அது அவருக்கு இரண்டாவது முயற்சி. முதல் முயற்சி வீழ்த்தியது, இரண்டாவது உயர்த்தியது. நடுவில் இருந்த அந்த ஒரு வருடம்தான் அவருடைய உண்மையான மார்க் ஷீட்.

காகிதமும் ஒரு பரீட்சை

மார்க் வந்தும் சீட்டைத் தொலைக்கிறவர்கள் உண்டு. எதில்? காகிதத்தில்!

கர்நாடக அரசுக் கல்லூரிகளின் 85 சதவீத இடங்களுக்கு மாநிலத் தேர்வு ஆணையமான கே.இ.ஏ.வின் கவுன்சலிங். அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீதத்துக்கு மத்தியக் கவுன்சலிங் குழுவான எம்.சி.சி. இரண்டிலும் தனித்தனியாகப் பதிய வேண்டும். கர்நாடகத்தில் ஏழு வருடம் படித்ததற்கான ஸ்டடி சர்ட்டிஃபிகேட், சாதி, வருமானச் சான்றிதழில் இருக்கும் ஆர்.டி. எண், இவையெல்லாம் ரிசல்ட்டுக்குப் பிறகு தேட வேண்டியவை அல்ல. இப்போதே ஒரு ஃபைலில் போட்டு வை. பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஒரு பெயர், ஆதாரில் வேறு இன்ஷியல் என்று நம் வீடுகளில் நடக்கும் கூத்தை இன்றே சரிசெய். ஆப்ஷன் என்ட்ரியில் ஆசைப்படுகிற வரிசையில் கல்லூரிகளைப் போடு; கிடைக்காது என்று நீயே முடிவு செய்து நல்ல கல்லூரியைக் கீழே தள்ளாதே. தனியார் கல்லூரிகளிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் உண்டு என்பதை அப்பாவிடம் சொல்.

"அஞ்சு லட்சம் அட்வான்ஸ் கொடுங்க, சீட்டு நான் பார்த்துக்கறேன்" என்று ஒருவர் வருவார். காபிகூடக் கொடுக்காமல் அனுப்பு! அம்மாவின் தாலிக்கொடியை அடகுக்கடைக்கு அனுப்பும் அந்தப் பேச்சுக்கு உன் வீட்டில் இடமில்லை.

எத்தனை தடவை?

சட்டம் கணக்கு வைக்கவில்லை. இத்தனை தடவைதான் என்ற வரம்பு கிடையாது; வயது உச்சவரம்பும் 2022இல் நீக்கப்பட்டது. ஒடிசாவில் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் 64 வயதில் நீட் தேறி எம்.பி.பி.எஸ்.இல் சேர்ந்தார். சட்டம் கணக்கு வைக்காததால் நீயே வை. இன்னும் ஒரு வருடமா, இரண்டா? வீட்டாரோடு உட்கார்ந்து பேசு, தேதியோடு எழுது. அதற்குள் உயிரைக் கொடுத்துப் படி.

அந்தத் தேதி தாண்டினால்? நிமிர்ந்து நடந்து அடுத்த வாசலைத் தட்டு. நர்சிங், பிசியோதெரபி, பார்மசி, லேப் டெக்னாலஜி எல்லாமே மருத்துவத்தின் வாசல்கள்தான். ராத்திரி மூன்று மணிக்கு ஐ.சி.யு.வில் நாடி பிடித்துப் பார்க்கிற நர்ஸ் எந்தத் தோல்வியின் சின்னமும் அல்ல. ஒரு வாசலில் நின்றே வயதைக் கரைப்பதற்குப் பெயர் விடாமுயற்சி இல்லை.

இன்னும் ஒன்று, இதைக் கத்தாமல் சொல்கிறேன். அந்த மொட்டை மாடியில் மனம் வேறு திசையில் போனால், உடனே கீழே இறங்கி வா. அம்மாவை எழுப்பு. இல்லையென்றால் 14416க்குப் போன் போடு. இலவசம், தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். அந்த டெலி மானஸ் சேவையை வழிநடத்துவது நம் ஊர் நிமான்ஸ்தான். உதவி கேட்பது டாக்டராகப் போகிறவள் முதலில் கற்க வேண்டிய பாடம்.

நீட் கேட்காத கேள்வி

பவுரிங் ஆஸ்பத்திரியின் ஓ.பி. வரிசையை நீ பார்த்திருக்கிறாய். ஒரு நாள் பாட்டியோடு அங்கே நின்றிருப்பாய். இன்று அதுவே மருத்துவக் கல்லூரியும்கூட. அந்த வரிசையில் ஒரு கிழவி, "நெஞ்சு படபடங்குது, கண்ணு இருட்டிக்கிட்டு வருது" என்கிறாள். அவளுக்குப் பின்னால் நிற்பவர், "எதெ உரீதா இதெ" என்று நெஞ்செரிச்சலைச் சொல்கிறார். அதற்குப் பின்னால் பர்தா போட்ட அம்மாள், "சக்கர் ஆரா" என்று தலைசுற்றலைச் சொல்கிறார். மூன்று மொழி, மூன்று வலி. வெளியூரிலிருந்து வந்த முதல் ரேங்க் டாக்டருக்கு இதில் எத்தனை புரியும்? உனக்கு மூன்றும் புரியும். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், தெருமுனைக் கடையில் உருது என்று ஜீவனஹள்ளி உனக்குப் பைசா வாங்காமல் சொல்லிக்கொடுத்த பாடம் அது. 180 கேள்வியில் ஒன்றுகூட அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காததால் அது உன்னிடம் இல்லை என்று ஆகிவிடுமா?

அந்தக் கிழவி இன்னும் வரிசையில்தான் நிற்கிறாள். பல்புவை ஒரு ஊர் திருப்பி அனுப்பியபோதும் வேறொரு ஊரில் அவருக்காக ஒரு முகாம் காத்திருந்தது. உனக்காகக் காத்திருப்பவர்கள் உன் தெருவிலேயே இருக்கிறார்கள்.

எழுந்திரு. துணிகளை மடித்து எடுத்துக்கொண்டு கீழே இறங்கு. அம்மா மூன்றாவது தடவை கூப்பிடாமல் இருக்கிறார் என்றால், அவரும் சாப்பிடவில்லை என்று பொருள். தட்டைப் போடு. இருவரும் சாப்பிடுங்கள். காலையில் நோட்டு திறந்திருக்கட்டும்!