தெரிந்தே செய்தவன்

தீமையைத் தீமை என்று உண்மையாகவே அறிந்தவன் அதைச் செய்யமாட்டான். செய்கிறான் என்றால் அவன் அறிவில் எங்கோ குறை இருக்கிறது. பிளேட்டோவின் ‘புரோட்டகோரஸ்’ உரையாடலில் சாக்ரடீஸ் வாதிடுவது ஏறக்குறைய இதைத்தான். மனிதர்கள்மேல் அவர் வைத்த நம்பிக்கை எனக்குப் பிடிக்கும். ஆனால் கம்பனின் யுத்த காண்டத்தைப் படித்தபின் என்னால் அதை ஏற்க முடியவில்லை.

சீதையைச் சிறை வைத்தது தவறு என்பதில் வீடணனுக்கும் கும்பகருணனுக்கும் கருத்து வேறுபாடே இல்லை. இருவருமே அதை அண்ணன் இராவணனிடம் நேருக்கு நேர் சொன்னவர்கள். ஒருவன் இராமனிடம் போய்ச் சேர்ந்தான். மற்றவன், சாவு நிச்சயம் என்று தெரிந்தும், வளர்த்த அண்ணனுக்காகக் களத்துக்குப் போனான். இருவருக்கும் தெரிந்தது ஒன்றுதான். அப்படியானால் வழியைத் தேர்ந்தது அறிவாக இருக்க முடியாது.

இராவணனின் கண்ணைக் காமம் மறைத்தது என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். வேள்வி சிதைந்து, உடலெல்லாம் புண்ணோடு இந்திரசித்து திரும்பி வரும் இடத்தைப் பாருங்கள். சீதைமேல் உள்ள ஆசையை விட்டுவிட்டால் இராமன் தரப்பின் சினம் தணிந்துவிடும், பயந்து சொல்லவில்லை, உங்கள்மேல் உள்ள பாசத்தால் சொல்கிறேன் என்கிறான் மகன். போரிலிருந்து வெளியேற இதைவிட நல்ல வாசல் திறக்காது. இராவணன் மறுக்கிறான்; ஆனால் தான் செய்தது அறம் என்று சாதிக்கவில்லை. பிறரை நம்பி இந்தப் பகையைத் தேடவில்லை, என்னை நம்பித்தான் தேடினேன் என்கிறான். வெல்லாமல் போனாலும், இராமன் பெயர் நிற்கும் காலம்வரை என் பெயரும் நிற்கும் என்கிறான். தோல்வியையும் கணக்கில் வைத்துப் பேசுகிறவனைக் கண் மறைந்தவன் என்று எப்படிச் சொல்வது?

அகந்தையும் ஒரு மயக்கம்தானே, அதற்கு அடிமையானவன் எப்படிச் சுதந்திரமாகத் தேர்ந்தெடுத்தான் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த வழியில் போனால், தப்பு செய்த எவனும் தெரிந்து செய்தவன் ஆகமாட்டான். செய்த தப்பே அறியாமைக்குச் சாட்சியாகிவிடும். பாதிக்கப்பட்டவர் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்கு நா எழாது.

அரசனை விடுங்கள். ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்று கலவைக் கணக்கு அறிந்த பொறியாளர் ஒருவர், பள்ளிக்கூடத் தூணில் சிமெண்ட் குறைந்திருப்பதைப் பார்த்தும் சரி என்று கையெழுத்துப் போடுகிறார் என்று வையுங்கள். எவ்வளவு குறைத்தால் பூச்சுக்குள் மறையும், எத்தனை மழைக்குப் பிறகு விரிசல் விடும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கலவை சுமக்கும் சித்தாளால் இந்தத் தப்பை இவ்வளவு நேர்த்தியாகச் செய்ய முடியாது. அதற்குப் படிப்பு வேண்டும். மூளைக்குத் தெரிந்தால் போதுமா, மனசுக்கும் தெரிய வேண்டாமா என்பார்கள். தன் பிள்ளையை அந்தப் பள்ளியில் அவர் சேர்க்கமாட்டார். இதற்குமேல் அவருக்கு வேறென்ன தெரிந்திருக்க வேண்டும்?